இடைநீக்கக் கடிதத்துக்கு அன்றிரவே பதில் எழுதாதீர்கள்

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். அம்கோமாஸில் 14 ஆண்டுகளாக ஸ்கூபா கற்றுக்கொடுக்கிறேன். அலிவால் ஷோல் கடல் திட்டில் அறிமுக டைவுக்கு 6 பேரை இறக்கினேன். கையேட்டில் ஓர் ஆசிரியருக்கு 4 பேர்தான். ஆனால் எல்லோரும் இப்படித்தான் செய்கிறோம். ஒரு பெண் பயந்துபோய்ச் சட்டென்று மேலே ஏறிவிட்டார், ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். போட்டிக் கடைக்காரர் பொறாமையில் புகார் எழுத, பயிற்சி நிறுவனம் என்னைக் கேட்காமலே இடைநீக்கம் செய்துவிட்டது. வழக்குப் போடலாமா?

பதில்: பொறாமையை விடுங்கள். புகாரை யார் எழுதினாலும், கையேடு 4 என்கிறது, நீங்கள் 6 பேரை இறக்கினீர்கள். விஷயம் அவ்வளவுதான். 10 மீட்டரில் இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் மேலே வரும்போது நுரையீரலில் காற்று இரண்டு மடங்காகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தப் பெண் வீடு திரும்பினாரே, அது பெரிய விஷயம்.

விசாரணைக்கு முன் தற்காலிகமாக நிறுத்திவைக்க விளக்கம் கேட்கத் தேவையில்லை என்று அரசமைப்பு நீதிமன்றம் 2019இல் ஒரு தொழிலாளர் வழக்கிலேயே சொல்லிவிட்டது. நீங்கள் தொழிலாளியும் அல்ல, உறுப்பினர். தொழிலாளர் தகராறுகளைத் தீர்க்கும் சிசிஎம்ஏ வாசலுக்கு அலைய வேண்டாம். இறுதி முடிவுக்கு முன் உங்கள் பக்கத்தைக் கேட்டாக வேண்டும், அதற்கு, குதிரைப் பந்தய அமைப்பான ஜாக்கி கிளப் மீதான வழக்கில் வந்த 1974 தீர்ப்பு கைகொடுக்கும். அதுவரை பொறுங்கள்.

என் கவலை வேறு. இப்படி ஒருவர் என்னிடம் வந்தார். கடிதம் கிடைத்த இரவே நான்கு பக்கம் தட்டி அனுப்பியிருந்தார். நடுவில் ஒரு வரி: "அன்று அலை அதிகம், எனக்கே தயக்கம்தான்." மாணவரின் வக்கீல் அந்த வரியை அப்படியே நஷ்டஈட்டு மனுவில் எடுத்துப் போட்டார். எங்களைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொண்டீர்கள் என்று காப்பீட்டு நிறுவனமும் கைவிரித்தது. மனிதர் வீட்டை விற்றார். உங்கள் மாணவிக்கும் வழக்குப் போடப் பொதுவாக 3 ஆண்டு அவகாசம் உண்டு. "எல்லோரும் இப்படித்தான்" என்று எனக்கு எழுதியதை வேறு யாருக்கும் எழுதாதீர்கள்.

அப்புறம், நண்பர் பெயரில் கையெழுத்துப் போட்டு வகுப்பு எடுக்கும் யோசனை இருந்தால் இன்றே கைவிடுங்கள். அந்த டைவில் ஏதாவது நடந்தால் காப்பீடு வராது, நண்பரும் மாட்டுவார்.

வழக்கு வேண்டாம், சமரசம் பேசுங்கள். மறுபயிற்சி, சில மாதம் மேற்பார்வையில் வேலை என்று நீங்களே முன்வந்தால் உரிமம் மிஞ்ச வாய்ப்பிருக்கிறது. அதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சம்பவத்தைத் தெரிவியுங்கள். அந்த நாளின் டைவ் கம்ப்யூட்டர் பதிவை அழிக்காமல் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள்.