மேட்டில் அறை வேண்டாம்

கேள்வி: மே மாதம் அப்பா அம்மாவோடு இரண்டு நாள் ஊட்டி வருகிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி. எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம்? (வாசகி, விருதுநகர்)

பதில்: முழங்கால் வலியைச் சொன்னீர்களே, நல்லதாகப் போயிற்று. எங்கள் ஊரில் 'நல்ல வியூ' என்றால் மேடு என்று அர்த்தம். என் மாமனாரை அப்படி ஒரு காட்டேஜில் தங்கவைத்தேன். வாசலிலிருந்து அறைக்கு 42 படி. இரண்டு நாளும் மனிதர் கீழே இறங்கவே இல்லை! சேரிங்கிராஸ், கமர்ஷியல் ரோடு பக்கம் பாருங்கள். படி எத்தனை, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு 12 மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். சீசனில் ஒரு மணிக்கு மேல் இலைக்குப் பின்னால் ஆள் நிற்பார்கள். சாயங்காலம் வர்க்கி. பாக்கெட்டில் அடைத்தது வேண்டாம், பேக்கரியில் சூடாக வரும்போது வாங்குங்கள். மேலே மொறுமொறுவென்று உதிரும், உள்ளே ஏடு ஏடாகப் பிரியும். டீயில் தோய்த்தால் மூன்று எண்ணுவதற்குள் வாயில் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் டம்ளருக்கு அடியில்தான் தேடணும்.

மலை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம் போல ஆகும். அப்பாவுக்குக் கால் நீட்ட முடியாது. குன்னூரில் ஏறுங்கள், போதும். ஊட்டியில் புனித ஸ்டீபன் தேவாலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து வந்தவை, அண்ணாந்து பாருங்கள். அப்புறம், காரில் வந்தால் இ-பாஸ் (வண்டி நீலகிரிக்குள் நுழைய ஆன்லைனில் வாங்கும் அனுமதி) மறக்காதீர்கள்.