மாநகராட்சியோடு இணைக்கும் முன் ஊரில் ஓட்டெடுப்பு கேட்கலாமா?

கேள்வி: எங்கள் ஊராட்சியைப் பக்கத்து மாநகராட்சியோடு இணைக்கப்போவதாக அறிவிக்கை வந்துள்ளது. கிராம சபையில் வேண்டாம் என்று தீர்மானம் போட்டுவிட்டோம். ஊர் மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்தச் சொல்ல முடியுமா?

கேட்கலாம். ஆனால் நடத்தியே ஆகவேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. எது ஊராட்சி, எது நகரம் என்பதை ஆளுநர் பெயரில் மாநில அரசுதான் அறிவிக்கை போட்டு முடிவு செய்கிறது. கிராம சபைத் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது.

நீதிமன்றத்தையும் பெரிதாக நம்ப வேண்டாம். மகாராஷ்டிரத்தில் கல்யாண் மாநகராட்சியை அமைத்தபோது, எதிர்ப்புக் கிளம்பியதால் உல்லாஸ்நகரை மட்டும் அரசு விட்டுவிட்டது. அது தொடர்பான வழக்கில் 1989-ல் உச்ச நீதிமன்றம், இது சட்டம் இயற்றுவது மாதிரியான வேலை, சட்டத்தில் உள்ள நடைமுறைக்கு மேல் யாரையும் அழைத்து விசாரிக்கத் தேவையில்லை என்றது. கவனியுங்கள்: உல்லாஸ்நகர் வெளியே நின்றது ஓட்டெடுப்பால் அல்ல, ஆட்சேபணையால்.

ஆகவே உங்கள் உழைப்பை ஆட்சேபணை மனுவில் போடுங்கள். ‘எங்களுக்கு விருப்பமில்லை’ என்று நூறு பேர் கையெழுத்திட்ட மனு, கட்டோடு ஓரமாகப் போய்விடும். மக்கள் நெருக்கம், வருவாய், விவசாயம் அல்லாத வேலையில் இருப்போர் விகிதம் ஆகியவற்றைப் பார்த்தே நகரப் பகுதியை முடிவு செய்ய வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243கியூ பிரிவு. அதையே பிடியுங்கள். நஞ்சை எத்தனை ஏக்கர், ஏரிப் பாசனம் எவ்வளவு, ஊரக வேலைத் திட்ட அட்டை எத்தனை வீட்டில் இருக்கிறது, இப்போதைய வீட்டு வரி எவ்வளவு என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். நகரமானால் அந்த வேலைத் திட்டம் போய்விடும் என்பதையும் சேருங்கள். தீர்மானப் பதிவேட்டின் நகலில் ஊராட்சிச் செயலரிடம் சான்று வாங்கி இணையுங்கள். கடைசித் தேதி அறிவிக்கையிலேயே இருக்கும். மனுவை நேரில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, ஓட்டெடுப்பு இருந்தால் நல்லதா? ஓர் ஊராட்சியையே கலைக்கும்போது அந்த ஊரைக் கேட்பதுதான் முறை என்பது என் கருத்து. ஆனால் யார் ஓட்டுப்போடுவது? நகரத்தையும் சேர்த்தால் உங்கள் இரண்டாயிரம் ஓட்டு எந்த மூலைக்கு? ஜப்பானின் ஒசாகாவில் மாநகராட்சியைக் கலைத்து, தனித்தனி நிர்வாகம் உள்ள சிறப்பு வார்டுகளாக்கலாமா என்று 2015-ல் அந்நகர மக்களையே கேட்டார்கள். சுமார் 14 லட்சம் ஓட்டில் வெறும் 10,741 வித்தியாசத்தில் திட்டம் தோற்றது. விட்டார்களா? 2020-ல் மறுபடி கேட்டு, மறுபடி தோற்றார்கள். வார்டு எல்லைக்கு மட்டும் ஓட்டெடுப்பு வேண்டவே வேண்டாம். தெருவுக்குத் தெரு ஒரு கோடு போடுவார்கள்.

இணைப்பு உறுதியானால் அடுத்து வருவது வார்டு மறுவரையறை. கோவை, மதுரை போன்ற பெரிய மாநகராட்சிகளிலேயே 100 வார்டுதான். தனித் தலைவர் இருந்த உங்கள் ஊர், அதில் ஒரு வார்டின் பாதியாகலாம். வரைவு வெளியானதும் காலனி ஒரு வார்டிலும் ஊர்த் தெரு இன்னொன்றிலும் போயிருக்கிறதா என்று தெருத் தெருவாகச் சரிபாருங்கள். அதற்குத் தனி ஆட்சேபணை நாள் உண்டு.