ஓடிட்டிருக்கப்பவே பைக் இன்ஜின் சீஸ் ஆயி, அதாவது உள்ள இறுகி நின்னுடுச்சு, ஆயில் கம்மின்னு சொல்லி வாரண்டி தர மாட்டேங்கறாங்க, என்ன பண்றது?

மொதல்ல செல்ஃப், கிக்கர் எதையும் திரும்பத் திரும்ப அடிக்காதீங்க, பிஸ்டன் சிலிண்டர்ல ஒட்டியிருந்தா இன்னும் கீறிடும். வெளி மெக்கானிக்க கழட்ட விடாதீங்க, அதையே காரணம் காட்டி வாரண்டி கெடையாதுன்னுடுவாங்க.

சர்வீஸ் சென்டர்ல விடறப்போ கிலோமீட்டர், ஆயில் அளவு, என்ன கம்ப்ளெயின்ட்னு எல்லாம் ஜாப் கார்டுல எழுதி வாங்கிடுங்க, என்னைக் கேட்டா இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம், அப்புறம் இன்ஜின தொறக்கறப்போ கூடவே நின்னு போட்டோ எடுத்துக்கோங்க. ஆயில் கம்மின்னா அது எங்க போச்சு, லீக்கா இல்ல பிஸ்டன் ரிங் தேஞ்சு எரிஞ்சிடுச்சான்னு கேளுங்க, ஃப்ரீ சர்வீஸ் பில்லெல்லாம் காட்டுங்க, முடியாதுன்னா அந்தக் காரணத்த எழுத்துல வாங்குங்க.

அப்பவும் மசியலன்னா கம்பெனிக்கு மெயில் போட்டுட்டு தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு கூப்பிடுங்க. அதுவும் ஆகலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, 2 வருஷத்துக்குள்ள போகணும், வண்டி வெல 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் இல்ல, வக்கீல் இல்லாம நீங்களே பேசலாம்.