உப்புமா விரதம்

கேள்வி: ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் தினமும் நாலைந்து மணி நேரம் போகிறது. ஆடி மாதம் முழுக்க சமூக ஊடக விரதம் இருக்கப் போவதாக ஃபேஸ்புக்கிலேயே அறிவித்தேன். அந்த அறிவிப்புக்கு எத்தனை லைக் விழுந்திருக்கிறது என்று பார்க்கப் போய், நாலாம் நாளே விரதம் முறிந்துவிட்டது. மன உறுதி வர என்ன வழி? ஆஸ்திரேலியா போல இங்கும் தடை வந்தால்தான் திருந்துவோமா? (பெயர் வேண்டாம்)
— ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: பெயரைப் போடவில்லை. ஆனால் உங்கள் ஃபேஸ்புக் நண்பர்கள் அத்தனை பேருக்கும் இது யார் என்று தெரிந்துவிடும், பரவாயில்லையா?

விரதம் என்று எழுதிவிட்டீர்கள். அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. நம் வீடுகளில் விரதம் என்றால் சோறு கிடையாது, அவ்வளவுதான். ஏகாதசி அன்று விடிந்ததும் காபி உண்டு. பத்து மணிக்கு வாழைப்பழமும் பாலும். மதியம் அவல் உப்புமா. நாலு மணிக்கு ஏதாவது கொறிக்க. ராத்திரி ரவா உப்புமா, இல்லையென்றால் கோதுமை தோசை. மற்ற நாளில் இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிட நேரமில்லாதவர், அன்றைக்கு ஐந்து வேளை உட்காருவார். "எனக்கு இன்னிக்குப் பலகாரம்தான்" என்று சொல்லும்போது முகத்தில் ஒரு தியாகக் களை வேறு.

ரவா உப்புமா ஒரு தண்டனை என்று முன்பு இதே பக்கத்தில் எழுதினேன். அரசியல்வாதிகளைத் திட்டியபோதுகூட அத்தனை கடிதம் வந்ததில்லை. ஒரு அம்மாள், "வெங்காயத்தை வதக்கத் தெரியாத வீட்டில் வளர்ந்தால் இப்படித்தான்" என்று அஞ்சலட்டையில் எழுதியிருந்தார். என் கருத்தில் மாற்றமில்லை. சேமியா உப்புமாவுக்கும் அது பொருந்தும்.

வைகுண்ட ஏகாதசி இன்னும் விசேஷம். கண் விழிக்க வேண்டும். அதற்காகத் தாயக்கட்டையை உருட்டிப் பரமபதம் ஆடுவார்கள். சொர்க்கவாசல் திறக்கிற ராத்திரியில் விடிய விடியக் கட்டை உருட்டுகிறோமே என்று யாரும் யோசித்ததில்லை. சினிமாக் கொட்டகைக்காரர்கள் அதைவிடக் கெட்டிக்காரர்கள். ஏகாதசிக்கும் சிவராத்திரிக்கும் விடிய விடியச் சிறப்புக் காட்சி போட்டார்கள். பக்தியில் கண் விழித்தவர் எத்தனை பேர், கதாநாயகிக்காகக் கண் விழித்தவர் எத்தனை பேர் என்று சித்திரகுப்தன்தான் கணக்கு வைத்திருப்பான். எங்கள் ஊர்க் கொட்டகையில் ஒரு சிவராத்திரிக்கு, மூன்றாவது படத்தில் ஆப்பரேட்டர் தூங்கிப்போய், ரீல் ஓடி முடிந்து வெறும் வெள்ளைத் திரை ஓடிக்கொண்டிருந்தது. விசில் இல்லை, கூச்சல் இல்லை. கொட்டகையே குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

சரி, உங்கள் தடைக்கு வருகிறேன். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. அதற்கு முந்தைய வருடமே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை டிக்டாக்குக்குத் தடை சொல்லி, சில வாரங்களில் விலக்கிக்கொண்டது. அந்த 2020 தடையால் நாடு திருந்தியதா? பத்து நாள் ஆவதற்குள் இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைக் கொண்டுவந்து இலையில் வைத்துவிட்டது. சோறு போச்சு, உப்புமா வந்தாச்சு.

ஆஸ்திரேலியச் சட்டம் 2024 நவம்பரில் நிறைவேறி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. 16 வயது நிறையாதவர்கள் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. உங்களுடைய கையெழுத்தைப் பார்த்தால் ஐம்பதுக்குக் குறையாது. அது இங்கே வந்தாலும் உங்களைத் தொடாது.

அப்புறம் இந்த மன உறுதி. இந்தச் சொல்லைப் பிரபலமாக்கிய தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு. "செல்போனைத் தூக்கிப் போடு தம்பி" என்று நாற்பது நிமிடம் யூடியூபில் முழங்கிவிட்டு, மறக்காமல் பெல் பட்டனை அழுத்தச் சொல்கிறார்கள். தம்பி எதை வைத்து அழுத்துவான்?

உங்கள் மன உறுதிக்கு எதிரில் உட்கார்ந்திருப்பது யார் என்று பாருங்கள். முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் முடிந்தால் கீழே 'அடுத்த பக்கம்' என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தப் போகிற அரை நொடியில், போதும் என்று தோன்றினாலும் தோன்றும். 2006இல் ஏசா ராஸ்கின் என்பவர் அந்தப் பட்டனுக்கு வேலையில்லாமல் செய்தார். ஆப்பிளில் மேகின்டாஷ் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஜெஃப் ராஸ்கினின் மகன் இவர். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிற பக்கம் இவர் கைவேலை. பிற்பாடு அதற்காக வருந்தினார். 2009இல் ஃபேஸ்புக்கில் லைக் பட்டன் வந்தது. அதைச் செய்தவர்களில் ஒருவரான ஜஸ்டின் ரோசன்ஸ்டீன், குழந்தைகளுக்குப் போடும் பூட்டைத் தன் போனில் போடச் சொல்லி உதவியாளரிடம் கொடுத்தார், எந்தச் செயலியையும் தானே இறக்கிக்கொள்ள முடியாதபடி! லைக்கைச் செய்தவருக்கே உறுதி போதவில்லை. குடியாத்தத்துக்காரருக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

பத்திரிகைக்காரர்களும் யோக்கியர்கள் இல்லை. கதாநாயகி கதவைத் திறக்கிற இடத்தில்தான் 'தொடரும்' போடுவோம். ஆனாலும் கடைசிப் பக்கம் என்று ஒன்று வந்துவிடும், அதற்குப் பின்னால் நகைக்கடை விளம்பரம், அப்புறம் எழுந்துபோய் வேலையைப் பார்த்தாக வேண்டும்.

எனக்கு இதெல்லாம் பழைய லாட்டரிக் கடையாகத்தான் தெரிகிறது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று 1968இல் தமிழக அரசே தொடங்கிய வியாபாரம். பஸ் ஸ்டாண்டில் கயிற்றில் க்ளிப் போட்டுத் தொங்கும் சீட்டுகள், இன்று குலுக்கல் இன்று குலுக்கல் என்று கத்தும் ஒலிபெருக்கி, பொடி எழுத்தில் வந்திருக்கும் முடிவுகளில் விரலை வைத்துத் தேடும் ஆட்கள். "ஒரு நம்பர்ல போச்சு" என்று போனவர்தான் மறுநாள் கடையில் முதல் ஆளாக நிற்பார். எப்போது என்று தெரியாமல் எப்போதாவது கிடைக்கிற தீனிதான் விடாமல் கொத்த வைக்கும் என்று அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்தே காட்டியிருக்கிறார். இத்தனை குப்பையைத் தள்ளியாச்சு, அடுத்தது நன்றாக இருந்துவிடும் என்று நீங்கள் ராத்திரி ஒரு மணிக்கு விரலால் தள்ளுவதும் அதேதான்.

2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு லாட்டரியைத் தடை செய்தது. மூன்று நம்பர் லாட்டரி விற்றவர் கைது என்று இன்றும் செய்தி வருகிறது. வெறி பிடித்தவர் எப்படியாவது தேடிப் போய்விடுவார். ஆனால் பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில் சும்மா ஒரு சீட்டு கிழித்துக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார். அவருக்கு மன உறுதி வந்துவிடவில்லை. கடை இல்லை, தேடிப் போக அலுப்பு, அவ்வளவுதான். டிக்டாக்கில் அது பலிக்காததற்குக் காரணம், பக்கத்துக் கடை திறந்தே இருந்தது.

உங்கள் கடையை நீங்களே தூரத்தில் வையுங்கள். இரண்டு செயலிகளையும் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். கணக்கை மூட வேண்டாம். மூடினால் அதற்கும் ஒரு அறிவிப்பு போடுவீர்கள். பார்த்தே ஆக வேண்டுமென்றால் கணினியில், ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே போங்கள். நீளமாக, எண்ணும் குறியும் கலந்து, தட்டும்போதே எரிச்சல் வருகிற மாதிரி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கணினி பவ்யமாகக் கேட்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள். ராத்திரி போன் சமையலறையில் சார்ஜ் ஆகட்டும். காலையில் எழுப்ப ஆள் வேண்டுமே என்பீர்கள். அலாரம் கடிகாரம் இன்னும் விற்கிறார்கள்.

தூக்கமும் வேலையும் கெடுகிற அளவுக்குப் போயிருந்தால் என்னிடம் கேட்காதீர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து ரயிலிலேயே போய்விடலாம். பேசினால் போதும் என்றால் 14416, அரசின் டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள்.

இந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் போட வேண்டாம் என்று எழுதச் சொல்லி எங்கள் சர்க்குலேஷன் மேனேஜர் இரண்டு தடவை வந்து நின்றுவிட்டுப் போனார். எழுதிவிட்டேன்.