ஷோனென், செய்னென் என்பவை கதை வகைகளா?

"ஷோனென் என்றால் சண்டைக் கதை, செய்னென் என்றால் ரத்தமும் இருட்டும்" என்று மாங்கா (ஜப்பானியப் படக்கதை) ரசிகர்கள் அடித்துச் சொல்கிறார்களே, சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரியில்லை. இவை கதை வகைகளே அல்ல. ஜப்பானில் மாங்கா வரும் ஓர் இதழ் எந்த வயது வாசகரை நம்பி அச்சாகிறதோ, அந்த வாசகர் பிரிவின் பெயர். ஷோனென் என்றால் சிறுவன், செய்னென் என்றால் இளைஞன், அவ்வளவுதான். பெயர் எழுதியே ஆளைக் கொல்லும் 'டெத் நோட்' 2003 முதல் 2006 வரை வந்தது 'வாராந்திர ஷோனென் ஜம்ப்' இதழில். மனிதர்களை அரக்கர்கள் கடித்துத் தின்னும் 'அட்டாக் ஆன் டைட்டன்' வந்ததும் ஒரு ஷோனென் இதழில்தான். ஆனால் பள்ளிப் பெண்கள் கேக் சாப்பிட்டு, டீ குடித்து, அப்புறம் நேரமிருந்தால் கிட்டார் வாசிக்கும் 'கே-ஆன்!' செய்னென் கணக்கில் வருகிறது! "இது செய்னென், முதிர்ச்சியான கதை" என்று யாராவது மார்தட்டினால், எந்த இதழில் வந்தது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.