டெக்னிக்கல் டைரக்டர் வந்துவிட்டால் மேனேஜரின் அதிகாரம் குறைந்துவிடுமா? இருவரில் யார் மேலே?

கேள்வி கேட்டவர், தாம் ஆதரிக்கும் கால்பந்து கிளப் புதிதாக ஒரு டெக்னிக்கல் டைரக்டரை நியமித்திருக்கிறது என்றும், அவர் மேனேஜருக்கு மேலதிகாரியா அல்லது உதவிக்கு வந்தவரா என்று ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிடுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். நான் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன். 2021 மார்ச் மாதத்தில் இதே வாதத்தில் பல இரவுகளைத் தொலைத்தவன் என்ற ஒரே தகுதியில் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

பதவியின் பெயரைக் கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது என்பதே என் கருத்து. ஒரு வீரரை வாங்குவதில் மேனேஜரும் டைரக்டரும் முரண்பட்டால் யாருடைய சொல் நிற்கும், மேனேஜரை மாற்ற வேண்டும் என்ற பேச்சு எழுந்தால் உரிமையாளர் யாரை அழைத்துக் கருத்துக் கேட்பார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் அந்தக் கிளப்பின் படிநிலை தெரிந்துவிடும். விசிட்டிங் கார்டில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதால் ஒன்றும் தெரியாது.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 'தொழில்நுட்ப இயக்குநர்' என்று தமிழில் எழுதினால் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பானவர் போல ஒலிப்பதால் டெக்னிக்கல் டைரக்டர் என்றே எழுதுகிறேன். ஸ்போர்ட்டிங் டைரக்டர் வீரர்களை வாங்குவது, விற்பது, ஒப்பந்தம் பேசுவது ஆகியவற்றைக் கவனிப்பார் என்றும், டெக்னிக்கல் டைரக்டர் இளம் வீரர்களைப் பயிற்றுவிக்கும் அகாடமியிலிருந்து முதல் அணி வரை ஒரே ஆட்டமுறை பயிற்றுவிக்கப்படுவதைக் கவனிப்பார் என்றும் பொதுவாகச் சொல்வார்கள். நடைமுறையில் இந்தக் கோடு கிளப்புக்குக் கிளப் நகர்ந்துகொண்டே இருக்கும். 2021 மார்ச்சில் யுனைடெட் ஒரே நாளில் ஜான் மர்டோவைக் கால்பந்து இயக்குநராகவும் டேரன் பிளெட்சரை டெக்னிக்கல் டைரக்டராகவும் அறிவித்தது. எங்களில் பாதிப் பேர் இனி வீரர்களைத் தேர்ந்தெடுப்பவர் பிளெட்சர்தான் என்று கொண்டாடினோம், மீதிப் பேர் அப்போதைய மேனேஜர் சோல்ஷேரின் சிறகு வெட்டப்பட்டது என்று வருந்தினார்கள். இரண்டுமே பிழை. கொள்முதலின் பொறுப்பு மர்டோவிடம் போனது, பிளெட்சரின் வேலை பெரும்பாலும் பயிற்சியையும் இளம் வீரர்களையும் சுற்றியே இருந்தது. அதே டெக்னிக்கல் டைரக்டர் என்ற பெயரோடு 2019இல் ஆர்செனலுக்கு வந்த எடு, வீரர் கொள்முதலின் மையத்திலேயே இருந்தார். பெயர் ஒன்று, வேலை வேறு.

'மேனேஜர்' என்ற சொல்லும் அப்படித்தான். ஜெர்மனியில் ஊலி ஹோனஸ் 1979இல் தமது 27ஆம் வயதில் பயர்ன் மியூனிக்கின் மேனேஜர் ஆனார் என்று படிப்பவர்கள் அவர் அணிக்குப் பயிற்சி அளித்தார் என்று எண்ணிவிடக் கூடாது, அங்கே அந்தச் சொல் கிளப்பின் வணிகத்தையும் வீரர் ஒப்பந்தங்களையும் பார்ப்பவரைக் குறித்தது. இங்கிலாந்தில் மட்டும் அது பயிற்சித் திடலிலிருந்து ஒப்பந்தம் வரை எல்லாவற்றையும் ஆளும் ஒரு மனிதரைக் குறித்து வந்தது. 1986 முதல் 2013 வரை அலெக்ஸ் பெர்குசனைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, அவருக்கு மேலே இன்னொரு கால்பந்து அதிகாரி என்ற எண்ணமே அபச்சாரமாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் பெர்குசனும் பணப் பேச்சுகளைத் தலைமை நிர்வாகி டேவிட் கில்லிடம் விட்டிருந்தார் என்பதையும், 2013இல் இருவரும் ஒரே நேரத்தில் விலகியதால்தான் அதன்பின் கிளப் விழுந்த பள்ளம் அவ்வளவு ஆழமானது என்பதையும் நாங்கள் தாமதமாகவே உணர்ந்தோம்.

மேனேஜரின் அதிகாரம் பறிபோவது எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புபவர்கள் நியூகாசிலில் கெவின் கீகனுக்கு நடந்ததைப் படிக்க வேண்டும். 2008 ஜனவரியில் ரசிகர்களின் ஆரவாரத்துக்கிடையே அவர் மேனேஜராகத் திரும்பினார். சில நாள்களிலேயே டென்னிஸ் வைஸ் கால்பந்துப் பிரிவின் நிர்வாக இயக்குநராக நியமிக்கப்பட்டார். வீரர்களைப் பற்றிய இறுதி முடிவு கீகனுடையதே என்று கிளப் தன் இணையதளத்தில் உட்பட பலமுறை வெளிப்படையாகச் சொன்னது. ஆகஸ்ட் கடைசியில் இக்னாசியோ கொன்சாலஸ் என்ற உருகுவே நடுக்கள வீரரைக் கடனாக எடுக்கப் போவதாகக் கீகனுக்குச் சொல்லப்பட்டது. அவரைப் பற்றி எந்தத் தகவலும் கிடைக்கவில்லை என்று கீகன் சொன்னபோது, யூடியூபில் பார்க்கலாம் என்ற பதில் வந்தது. பார்த்த காட்சிகள் தெளிவாகவே இல்லை. அந்த வீரர் ஆடி நியூகாசில் தரப்பில் எவரும் நேரில் பார்த்ததும் இல்லை. கீகன் மறுத்தார், ஒப்பந்தம் போடப்பட்டது, செப்டம்பர் முதல் வாரத்தில் அவர் விலகினார்.

வழக்கு நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனது. கீகன் 2.5 கோடி பவுண்டு கேட்டிருந்தார். 2009 அக்டோபரில் வந்த தீர்ப்பு அவருக்கு 20 லட்சம் பவுண்டு இழப்பீடு வழங்கியது. இறுதிச் சொல் உண்மையிலேயே அவருடைய ஒப்பந்தத்தில் இருந்தது என்றும், அவர் விருப்பத்துக்கு மாறாக ஒரு வீரரைத் திணித்ததன் மூலம் கிளப் ஒப்பந்தத்தை மீறியது என்றும் தீர்ப்பாயம் கண்டது. இதைவிட என் மனத்தில் நிற்பது, இறுதி முடிவு கீகனுடையது என்று ஊடகங்களுக்குச் சொன்னதெல்லாம் வெறும் விளம்பரப் பேச்சு, உண்மையல்ல என்று கிளப்பே அந்த விசாரணையில் வாதிட்டதுதான். கிளப் வெளியிடும் நியமன அறிவிப்பை வரிக்கு வரி உரை எழுதிக்கொண்டிருக்கும் ரசிகர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வாதம் நினைவுக்கு வருகிறது. அந்தக் கொன்சாலஸ் நியூகாசிலுக்காக மாற்று ஆட்டக்காரராக இரண்டே முறை களமிறங்கினார்.

இந்த ஒரு கதையை வைத்துக்கொண்டு டைரக்டர் என்றாலே பூசல் என்று முடிவு கட்டுவதும் நியாயமாகாது. செவில்லாவில் முன்னாள் கோல்கீப்பரான மோஞ்சி 2000ஆம் ஆண்டு முதல் 2017 வரை தொடர்ந்து கொள்முதலுக்குப் பொறுப்பாக இருந்தார். 2006, 2007 ஆகிய ஆண்டுகளில் யூஈஎஃப்ஏ கோப்பையை வென்றபோது பயிற்சியாளர் ஹுவாண்டே ராமோஸ், 2014 முதல் 2016 வரை மூன்று முறை தொடர்ச்சியாக யூரோப்பா லீக் வென்றபோது உனாய் எமரி. பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள், வீரர்களைக் கண்டுபிடித்து வளர்த்து விற்கும் முறை மட்டும் மாறவில்லை. மேனேஜருக்கு மேலே இன்னொருவர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். மேனேஜர் இரண்டு மூன்று ஆண்டுகளில் போய்விடுகிறார், அவர் கேட்டு வாங்கிய வீரர்களோ ஐந்தாண்டு ஒப்பந்தத்தோடு இருந்துவிடுகிறார்கள்.

லிவர்பூலில் 2017 கோடையில் மேனேஜர் யுர்கன் குளோப்புக்கு ஜூலியன் பிராண்ட் என்ற ஜெர்மன் வீரர் மீது நாட்டம் இருந்ததாகப் பரவலாக எழுதப்பட்டது. முந்தைய ஆண்டு ஸ்போர்ட்டிங் டைரக்டராகியிருந்த மைக்கேல் எட்வர்ட்ஸும் அவருடைய குழுவும் ரோமாவில் ஆடிய முகமது சலாவைத்தான் எடுக்க வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினார்கள். அவர்கள் காதருகே நின்று ஓதிக்கொண்டே இருந்ததைக் குளோப் பிறகு தாமே ஒப்புக்கொண்டார். சலா முதல் பருவத்தில் லீகில் மட்டும் 32 கோல் அடித்தார். இங்கே கவனிக்க வேண்டியது, குளோப் தோற்கவில்லை என்பதுதான். விருப்பமில்லாத வீரரை அவர் மேல் திணிக்கவில்லை, அவர் சம்மதிக்கும் வரை பேசினார்கள். நியூகாசிலுக்கும் லிவர்பூலுக்கும் நடுவே இருக்கும் தூரம் அந்தப் பேச்சுதான்.

மேனேஜர்கள் அஞ்சும் இன்னொரு காரணமும் உண்டு. 2007 ஜூலையில் செல்சீயின் கால்பந்து இயக்குநராக அவ்ராம் கிராண்ட் வந்தார். செப்டம்பரில் மேனேஜர் மொரீன்யோ போனதும் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் அதே கிராண்ட். பக்கத்து அறைக்கு வருபவர் யார் என்று மேனேஜர் எட்டிப் பார்ப்பதில் குற்றம் சொல்ல முடியாது.

நியமனத்தின் வரிசையும் முக்கியம் என்பதை யுனைடெட்டே எனக்கு மறுபடியும் கற்றுக்கொடுத்தது. மான்செஸ்டர் சிட்டி 2012இல் சிகி பெகிரிஸ்தைனைக் கால்பந்து இயக்குநராகக் கொண்டுவந்து நான்கு ஆண்டுகள் அணியைச் சீரமைத்த பிறகே 2016இல் குவார்டியோலா மேனேஜராக வந்தார். யுனைடெட் தலைகீழாகச் செய்தது. 2024 ஜூனிலேயே மேனேஜர் எரிக் டென் ஹாக் தொடர்வார் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஸ்போர்ட்டிங் டைரக்டர் டான் ஆஷ்வொர்த் ஜூலை 1 அன்றுதான் பொறுப்பேற்றார், டென் ஹாக்கின் ஒப்பந்த நீட்டிப்பு அதே வாரத்தில் வெளியானது. அக்டோபர் 28 அன்று டென் ஹாக் நீக்கப்பட்டார், டிசம்பர் 8 அன்று ஆஷ்வொர்த்தும் வெளியேறினார். ஐந்து மாதங்களுக்குச் சற்று மேல். அவருடைய திறமையை எடைபோட அந்தக் காலம் போதாது, தாம் தேர்ந்தெடுக்காத மேனேஜரைச் சுமந்துகொண்டு வேலையைத் தொடங்கியவர் என்று மட்டும் சொல்லலாம்.

ஆர்செனல் வேறு வழியில் போனது. 2019 டிசம்பரில் தலைமைப் பயிற்சியாளராக வந்த மிக்கேல் ஆர்டேடாவின் பதவிப் பெயரை 2020 செப்டம்பரில் மேனேஜர் என்று மாற்றி, எடுவையும் அவரையும் அருகருகே நிறுத்தினார்கள். பெயர் மாற்றத்துக்கு அர்த்தம் இருந்த அரிதான ஒரு சந்தர்ப்பம் அது. உரிமையாளர் எதைச் சொன்னாரோ அதன்படியே பிறகு நடந்துகொண்டார்.

உங்கள் கிளப்பைப் பொறுத்தவரை, புதிய டைரக்டர் யாரிடம் கணக்குச் சொல்ல வேண்டியவர் என்பதை முதலில் விசாரியுங்கள். மேனேஜரும் அவரும் தனித்தனியே ஒரே தலைமை நிர்வாகியிடம் கணக்குச் சொல்வதாக இருந்தால் இருவரும் சமம் என்று தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம், மேனேஜர் டைரக்டர் வழியாகவே மேலே போக வேண்டுமென்றால் வாதம் அங்கேயே முடிந்துவிட்டது. அடுத்ததாக, மேனேஜரின் ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். இந்தப் பருவத்தோடு அது முடிவதாக இருந்தால், புதிய டைரக்டர் எடுக்கப் போகும் முதல் பெரிய முடிவு எந்த வீரரைப் பற்றியதாகவும் இருக்காது.