காப்பீட்டு அட்டை இருந்தும் முன்பணம் கேட்கிறார்களே?

கேள்வி: மாமனாருக்கு இதயத்தில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்கிறார்கள். எங்களிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. ஆனால் கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில், "20,000 கட்டிடுங்க, அப்ரூவல் வந்ததும் திருப்பித் தர்றோம்" என்கிறார்கள். கட்டலாமா?
- வாசகி, பண்ருட்டி

பதில்: கட்டாதீர்கள் அம்மா. 2012 ஜனவரியில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். பிரீமியத்தை அரசு கட்டுகிறது. மருத்துவமனை உங்கள் ரிப்போர்ட்டுகளைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி முன் ஒப்புதல் வாங்கும், சிகிச்சை முடிந்ததும் பணத்தை அங்கேயே வாங்கிக்கொள்ளும். உங்கள் கை வழியாக ஒரு ரூபாய்கூடப் போகவேண்டியதில்லை. இதில் ஒரு கண்ணி உண்டு: நாம் கட்டிவிட்டு, பிறகு பில்லைக் காட்டித் திட்டத்திலிருந்து பணம் வாங்கிக்கொள்ள வழி கிடையாது. திருப்பித் தருவதாகச் சொல்வது அந்த கவுண்டரில் இருப்பவரின் வாய்வார்த்தை மட்டுமே.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது நான்தான் உடன் இருந்தேன். டிஸ்சார்ஜ் அன்று அரைத்தாளில் பென்சிலால் எழுதி நீட்டினார்கள்: "இதரம் 8,500". என்ன இதரம் என்று கேட்டால் பதில் இல்லை. "சரி, சீல் போட்ட ரசீது கொடுங்க, கட்டிடறேன்" என்றேன். "நாளைக்குப் பாத்துக்கலாம் சார்" என்றார் கேஷியர். மறுநாள் அந்தத் தாளை யாரும் எடுக்கவே இல்லை! மருந்து, பரிசோதனை, ஸ்டென்ட் எல்லாம் காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக்குத் தரும் ஒரே தொகைக்குள் அடக்கம். தனி அறை கேட்டால் மட்டும் கதை வேறு, திட்டம் பொது வார்டுக்குத்தான்.

சேர்க்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். அந்த மருத்துவமனை திட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது, இதய சிகிச்சைக்கு அனுமதி பெற்றதா என்றும் கேளுங்கள், ஏனென்றால் துறை வாரியாகத்தான் அனுமதி தருகிறார்கள். அப்புறம், மாமனார் பெயர் உங்கள் ரேஷன் கார்டில் இருக்கிறதா? தனி ரேஷன் கார்டு என்றால் அவருக்குக் காப்பீட்டு அட்டையும் தனியாகத்தான் எடுக்க வேண்டும். அதற்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் என்ற சான்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். அவசர கேஸ் என்றால் போனிலேயே ஒப்புதல் வாங்க மருத்துவமனைக்கு வழி உண்டு, "அப்ரூவல் வர ரெண்டு நாள் ஆகும்" என்று பயமுறுத்தினால் நம்பாதீர்கள். மீறிப் பணம் கேட்டால் திட்டத்தின் உதவி எண் 1800 425 3993-க்கு அங்கிருந்தே போன் போடுங்கள், கட்டணம் கிடையாது.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. எனக்கு நல்ல சம்பளம் என்பதால் எந்த அட்டையும் கிடைக்காது என்கிறார்கள். உண்மையா?
- வாசகர், லாஸ்பேட்டை

பதில்: இல்லை. 2024 அக்டோபரிலிருந்து மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. ஏற்கெனவே சர்க்கரை, பிரஷர் இருந்தாலும் முதல் நாளிலிருந்தே செல்லும். ஆனால் அட்மிட் ஆனால்தான், மாதாந்திர மாத்திரைக்கெல்லாம் இது உதவாது. வயதை ஆதாரை வைத்துத்தான் பார்ப்பார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு ஆதாரில் பிறந்த தேதி குத்துமதிப்பாக ஜனவரி 1 என்றே இருக்கும், முதலில் அதை எடுத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் 14555-க்கு போன் போடுங்கள்.